மலை தெரிகிறது, நாச்சியைத்தான் தெரியவில்லை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது முப்பத்தொன்று. ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஆறு வருடமாக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதி, போன தை மாதம் முடித்திருக்கிறார், 912 பக்கம். கதை இப்படி: ஒரு பெரிய மலைத்தொடர்; அதற்கு மேற்கே ஓயாத மழை, கிழக்கே மழையே கிடையாது. மலையைக் குடைந்து முன்னோர் போட்ட சுரங்கம் வழியாகத்தான் கிழக்குக்குத் தண்ணீர். சுரங்கத்துக்கு ஏழு மடைகள். மடையைத் திறக்கிறவர் ஒவ்வொரு தடவையும் தன் நினைவுகளில் ஒன்றை மலைக்குக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விலை. நாச்சி என்ற பெண் கிழக்கு நாட்டின் மடைக்காரி. மேற்கை ஆளும் முகட்டரசன் மடைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறான். நாச்சியும் அவள் தம்பி மாயனும், மேற்கிலிருந்து தப்பி வந்த ஒரு வைத்தியரும், யாரும் பார்த்திராத ஏழாவது மடையைத் தேடி மலைக்குள் போகிறார்கள். இதோடு வரைபடம், நாள்காட்டி, நாணய முறை, நீர்ச் சட்டம், முழுநிலவுச் சந்தை, இருபத்து மூன்று மூலிகைகளின் பட்டியல் எல்லாம் உண்டு.

படித்த எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்களாம். கல்லூரித் தோழி இருநூறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "உலகம் சூப்பர், அப்புறம் படிக்கிறேன்" என்றிருக்கிறார். ஒரு பதிப்பகம், "களம் பிரமாதம், பாத்திரங்களோடு ஒட்ட முடியவில்லை" என்று இரண்டு வரியில் திருப்பி அனுப்பியிருக்கிறது. சில அத்தியாயங்களை வாசிக்கக் கேட்ட அம்மாச்சி, "மலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி, அந்தப் புள்ள யாருன்னுதான் வெளங்கல" என்றாராம். இன்னொரு பதிப்பகம் 1,40,000 ரூபாய் கட்டினால் அப்படியே போட்டுத் தருவதாகச் சொல்கிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

அவர் கேட்பது இவை: நாச்சிக்கு ஒரு காதலும் சிறுவயதுக் கதையும் சேர்த்தால் சரியாகுமா, உலகத்தை வெட்டி முந்நூறு பக்கமாக்க வேண்டுமா, பணம் கட்டலாமா, வெளியே அனுப்பினால் தன் கற்பனையை யாராவது திருடிவிடுவார்களா. கூடவே ஒரு ஆதங்கமும் இருக்கிறது: "பெரிய ஃபேன்டஸி எழுத்தாளர்கள் எல்லாம் உலகத்தைத்தானே முதலில் கட்டினார்கள், நம்ம ஆட்களுக்கு மட்டும் ஏன் பொறுமை இல்லை?" முதல் ஆறு அத்தியாயங்களையும், மீதிக் கதையின் சுருக்கத்தையும், பணம் கேட்ட பதிப்பகம் அனுப்பிய ஒப்பந்தத்தையும் இணைத்திருந்தார். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அன்புள்ள தோழிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் உலகம் நல்ல உலகம். நாவல் கையெழுத்துப் பிரதிகளைச் செம்மை செய்வது என் தொழில், அதில் ஃபேன்டஸி என்று வருகிறவற்றில் பாதிக்கு மேல் எங்கோ பார்த்த கோட்டையும் எங்கோ பார்த்த டிராகனுமாகத்தான் இருக்கும். உங்களுடையது அப்படி இல்லை. ஒரு வீட்டின் நீர்முறையைப் பொத்தல் கலயத்தால் அளப்பதும், அப்பன் வாங்கிய தண்ணீர்க் கடன் மகள் தலையில் இறங்குவதும், முறை தவறியவன் வாய்க்காலில் இரவோடு இரவாகத் தோகை அறுத்துப் போட்டு அடைப்பதும், வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியோடு காத்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவரால்தான் எழுத முடியும். வழக்கமாக ஜூன் மாதம் பெரியாறு தண்ணீர் திறந்தால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும் என்பது உங்கள் ஊரில் பஞ்சாங்கம் மாதிரி. "ஆயிரத்துக்கு ஒன்று குறைந்த ஆண்டுகள்" என்று இரண்டு அரசர்கள் போடும் ஒப்பந்தத்தைப் படித்ததும், முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-இல் திருவிதாங்கூரோடு போட்ட 999 வருடக் குத்தகை எனக்கு ஞாபகம் வந்தது. வரலாற்றை அப்படியே தூக்கி வைக்காமல், கதையின் சட்டமாக்கியிருக்கிறீர்கள். இதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் தோழிக்குப் பொறுமை இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அறிமுகமே இல்லாத ஒரு நாட்டின் நாணயத்தையும் நாள்காட்டியையும் பற்றி இருநூறு பக்கம் படித்தவர் அவர், அது பெரிய பொறுமை. அந்த இருநூறு பக்கத்தில் யாருக்காகவாவது ஒரு தடவை அவர் பயப்பட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பயப்பட இடமே கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எந்த இடத்தில் நழுவியது என்று காட்டுகிறேன்.

அறுபத்தோராம் பக்கம்

நாச்சி முதல்முறையாக மடை திறக்கும் இடம். நீங்கள் எழுதியிருப்பது இது:

"நாச்சி கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மலை தன் விலையை எடுத்துக்கொண்டது. மடை திறந்தது. நீர் சீறிப் பாய்ந்தது."

அதற்கு அடுத்த நான்கு பக்கமும் தண்ணீர் எந்த வாய்க்காலில் பிரிந்து எந்த ஊருக்குப் போகிறது என்பதுதான். நான் பென்சிலோடு உட்கார்ந்து அந்த நான்கு பக்கத்திலும் ஒரே ஒரு விஷயத்தைத் தேடினேன்: மலை எந்த நினைவை எடுத்தது? இல்லை. சுருக்கத்தை வைத்துப் பார்த்தால் நாவல் முழுவதிலும் நாச்சி பதினொரு தடவை மடை திறக்கிறாள், பதினொரு நினைவு போகிறது, அதில் ஒன்றுகூட என்னவென்று வாசகருக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு அற்புதமான ஒரு விதியைக் கண்டுபிடித்துவிட்டு, அது வலிக்கிற ஒரே இடத்தில் நீங்கள் தண்ணீரோடு போய்விட்டீர்கள். அம்மாச்சிக்கு "அந்தப் புள்ள" யாரென்று விளங்காததற்குக் காரணம் இதுதான். ஒருவரிடம் என்ன இருந்தது என்று தெரியாமல் அவர் இழந்ததை நாம் உணர முடியாது. அந்த நினைவு முதலில் வாசகர் கைக்கு வந்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்தில் சும்மா போகிற போக்கில், ஒரு பாட்டாகவோ, அம்மாவின் ஏதோ ஒரு பழக்கமாகவோ வந்துவிட வேண்டும். வாசகர் அதை மறந்தே போயிருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் மடை திறந்த ராத்திரி இப்படி ஒரு காட்சி வருகிறது என்று வையுங்கள். இது மாதிரிக்குத்தான், உங்கள் கை இதைவிட நன்றாக எழுதும்:

"மாயன் அடுப்போரம் உட்கார்ந்து, அம்மா கஞ்சி ஆற்றும்போது முனகும் பாட்டை முனகினான். இரண்டாவது அடியை எப்போதும் நாச்சிதான் எடுப்பாள். முதல் அடியோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். 'நல்லாருக்கே, எங்கடா கத்துக்கிட்ட?' என்றாள் அவள். மாயன் கஞ்சியைக் கிளறினான். 'சந்தையில' என்றான்."

சுரங்கம், வரைபடம், மடை வரலாறு எதுவும் இதில் இல்லை. ஆனாலும் உங்கள் உலகத்தின் சட்டம் என்ன என்பது இதில் முழுதாக வந்துவிட்டது. அதைவிட முக்கியம், மாயன் இப்போது ஒரு ஆளாகிவிட்டான். உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று ஒரு நொடி யோசித்து மறைத்திருக்கிறான். அடுத்த தடவை மடை திறக்கும்போது இவன் என்ன செய்வான்? தடுப்பானா? அக்காவின் நினைவுகளை ரகசியமாக எழுதிவைக்கத் தொடங்குவானா? எழுதுகிறவன் தனக்குப் பிடிக்காத ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுவானா? இந்தக் கேள்விகளுக்காகத்தான் உங்கள் தோழி இருநூற்றொன்றாம் பக்கத்தைப் புரட்டுவார்.

இதையெல்லாம் வெளிநாட்டு எழுத்துப் பட்டறைகளில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தொல்காப்பியம் அகத்திணையியலில் முதல், கரு, உரி என்று மூன்றைச் சொல்லி, அவை "முறை சிறந்தனவே" என்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். அந்த நிலத்தில் அந்தப் பொழுதில் மனிதர் மனத்தில் நடப்பது உரிப்பொருள். முதலைவிடக் கரு சிறந்தது, கருவைவிட உரி சிறந்தது என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். உங்கள் 912 பக்கத்தில் முதலும் கருவும் மிக வளமாக இருக்கின்றன. உரிதான் பட்டினி கிடக்கிறது.

மூன்றும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் குறுந்தொகை 66-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, காத்திருக்கிறவள் அதைப் பார்த்துவிட்டாள். தோழி என்ன சொல்கிறாள் தெரியுமா? இந்தக் கொன்றை மரங்கள் மடத்தனமானவை, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டன என்கிறாள். கொன்றை எப்போது பூக்கும் என்பது அந்த உலகத்தின் விதி, அது இரண்டு பெண்களுக்கும் தெரியும். தெரிந்தே ஒருத்தி பொய் சொல்கிறாள், தோழமைக்காக. களத்தைப் பற்றிய ஒரு தகவல் அங்கே ஒரு மனுஷியின் ஆறுதலாக மாறிவிட்டது. நீங்கள் எழுதிய இருபத்து மூன்று மூலிகைகளும் இப்படி யாருடைய பொய்க்காவது, பயத்துக்காவது உதவியாக வேண்டும்.

பெரிய எழுத்தாளர்கள் உலகத்தைத்தானே முதலில் கட்டினார்கள் என்றீர்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீனை மனத்தில் வைத்துச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உண்மைதான், மொழிகளையும் புராணங்களையும் அவர் பல வருடம் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் 1937-இல் வெளிவந்து வாசகர்களைப் பிடித்தது அந்தப் புராணம் இல்லை, வீட்டைவிட்டு வெளியே போகவே விரும்பாத ஒரு குள்ளமான ஆசாமியின் பயணக் கதையான 'தி ஹாபிட்'. அது ஓடியதைப் பார்த்துப் பதிப்பாளர் அடுத்த புத்தகம் கேட்டபோது டோல்கீன் தன் புராணத் தொகுப்பைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் அதை எடுக்கவில்லை, அந்தக் குள்ளர்களைப் பற்றி இன்னும் எழுதுங்கள் என்றார்கள். அந்தப் புராணம் சில்மரில்லியன் என்ற பெயரில் புத்தகமாக வந்தது 1977-இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து. நம் பக்கத்திலும் பாருங்கள். பொன்னியின் செல்வனில் சோழ நாட்டுக்குள் நம்மைக் கூட்டிப் போவது அரச பரம்பரைப் பட்டியலா? ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவன்தானே. அவன் வேடிக்கை பார்க்கிறான், நாமும் பார்க்கிறோம்.

காதலும் சிறுவயதும் சேர்த்தால் போதுமா?

போதாது. நீங்கள் யோசித்து வைத்திருக்கும் "நாச்சியின் சிறுவயது, முப்பது பக்கம்" என்பதும் உலகம் கட்டும் வேலைதான், இந்தத் தடவை நாட்டுக்குப் பதில் ஆளுக்கு. எங்கே பிறந்தாள், யார் வளர்த்தார்கள், எப்போது தழும்பு வந்தது என்று தகவல் சேரும், ஆள் வரமாட்டாள். பழைய கதை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் இழக்கப்போகும் நினைவுகள்தான் அவளுடைய பழைய கதை, உங்கள் கதையில் அதற்கு இயல்பாகவே இடம் இருக்கிறது. இழக்கிற இடத்தில் கொடுங்கள்.

காதலைப் பற்றியும் அதேதான். வைத்தியரின் மேல் அவளுக்குப் பிரியம் வருகிறது என்று ஒரு கிளை போட்டால் பக்கம் கூடும். ஆனால் ஐந்தாவது மடையில், கொடுக்க மிச்சமிருப்பது அவரைப் பற்றிய நினைவும் அம்மாவின் முகமும் மட்டும்தான் என்று வந்தால், எதைக் கொடுப்பாள்? அங்கே காதல் வேண்டும். அந்த இக்கட்டு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வாசகருக்குக் காதல் பிடிக்கும் என்பதற்காகச் சேர்த்தது எப்போதும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

வெட்டுவதா?

இப்போது வெட்ட வேண்டாம். பக்கத்தைக் குறைத்தால் ஒட்டாத 912 பக்கம், ஒட்டாத 300 பக்கமாகும், அவ்வளவுதான். முதலில் ஆளை உள்ளே கொண்டுவாருங்கள், அதற்கப்புறம் எது உதிர வேண்டுமோ அது தானாகவே உதிரும்.

முழுநிலவுச் சந்தை அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு நாட்டு ஜனங்களும் மலை உச்சியில் கூடும் இடம். சித்திரை முழுநிலவில் மங்கலதேவி கண்ணகி கோவிலுக்குப் போய்வந்தவர் எழுதியது என்று படித்தவுடனே தெரிந்தது. குமுளியிலிருந்து ஜீப்பில் ஒரு கூட்டம், பளியன்குடியிலிருந்து கால்நடையாக ஒரு கூட்டம், இரண்டு மாநிலப் போலீசும் நிற்கிற அந்த ஒற்றை நாள். நீங்கள் இருபத்தெட்டு பக்கம் கடைகளை வருணிக்கிறீர்கள். அழகாக இருக்கிறது. ஆனால் அந்த இருபத்தெட்டு பக்கத்திலும் யாரும் எதையும் வாங்கவில்லை. நிஜமான மங்கலதேவிக் கூட்டத்தில் அப்படி ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது. ஒருத்தி தொலைந்த பிள்ளையைத் தேடுவாள், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு அந்தப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த அக்காவைப் பார்க்க வேண்டும், இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். நாச்சியை அந்தச் சந்தைக்குள் விற்கக் கூடாத ஒன்றை விற்க வந்தவளாக அனுப்புங்கள். மடைச் சாவியாகவே இருக்கட்டும். எந்தக் கடைக்காரனை நம்பலாம் என்று அவள் தேடிப்போகும்போது உங்கள் கடைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிடும், பாதிப் பக்கத்தில்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: இங்கே யாருக்கு என்ன வேண்டும், இந்த உலகத்தின் எந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது. பதில் எழுத முடியாத அத்தியாயங்களைத் தனி நோட்டுக்கு மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், அது இரண்டாம் பாகத்துக்கு ஆகலாம்.

மேற்கில் ஒரு சேச்சி

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. உங்கள் நாவலில் கிழக்கு ஆட்கள் எல்லோரும் நல்லவர்கள், மேற்கு ஆட்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள். முகட்டரசன் ஏன் மடையை அடைக்கிறான்? கெட்டவன் என்பதால் அடைக்கிறான். தப்பி வந்த வைத்தியர் மட்டும் நல்லவர், ஏனென்றால் அவர் கிழக்குக்கு வந்துவிட்டார். எந்தப் பக்கம் பிறந்தார் என்பதே ஒருவரின் குணத்தைத் தீர்மானித்துவிட்டால், அந்த ஆளுக்குச் செய்ய வேறு ஒன்றும் மிச்சமிருக்காது. பாத்திரங்கள் ஒட்டாமல் போவதில் பெரும்பங்கு இதற்குத்தான்.

கடிதத்தின் கடைசியில், "இது கதைக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் எல்லை கொதித்தபோது உங்கள் அம்மா மேலே ஏலத்தோட்டத்தில் மாட்டிக்கொண்டார். வழக்கமாக விடியலில் ஏற்றிப்போகும் ஜீப் வரவில்லை. தோட்டத்தில் காய் எடை போடும் மலையாளச் சேச்சி அம்மாவையும் இன்னும் இரண்டு பேரையும் காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் இரண்டு ராத்திரி வைத்துப் பூட்டி, கஞ்சியும் பயறும் கொடுத்து, மூன்றாம் நாள் தன் மகனையே துணைக்கு அனுப்பிக் காட்டுப் பாதை வழியாக இறக்கிவிட்டார். பிரச்சினை அடங்கி அம்மா மறுபடி அதே தோட்டத்துக்குப் போனபோது, அதே சேச்சி ஈரக் கழிவு என்று கிலோவுக்கு நூறு கிராம் கழித்தார். அம்மா இன்றைக்கும் ஒரே மூச்சில் சொல்வாராம், "நல்லவ, ஆனா எடையில கை வைப்பா."

தோழி, இது கதைக்குச் சம்பந்தமில்லாததா? உங்கள் 912 பக்கத்தில் இல்லாத மனுஷி இங்கே ஆறு வரியில் நிற்கிறார். ஊர் சண்டையில் ஆளைக் காப்பாற்றத் தன் மகனை அனுப்புகிறவரும் அவர்தான், தராசில் நூறு கிராம் திருடுகிறவரும் அவர்தான். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது. உங்கள் அம்மாவும் அழிக்கவில்லை, நன்றியையும் வருத்தத்தையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டுதான் அங்கே வேலைக்குப் போகிறார். உங்கள் மேற்கு நாட்டில் மடைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருத்தி வேண்டும். முகட்டரசனுக்கும் ஒரு காரணம் வேண்டும், அது நியாயமான காரணமாகவே இருக்கட்டும்: பழைய சுரங்கம் பலமிழந்துவிட்டது, உடைந்தால் தன் ஜனங்கள்தான் முதலில் அடித்துக்கொண்டு போகப்படுவார்கள் என்று அவன் உண்மையிலேயே நம்பினால்? அவன் நம்புவது தப்பாகவே இருக்கலாம். ஆனால் அவன் ராத்திரி தூங்காமல் இருப்பது வாசகருக்குப் புரியும். நாச்சிக்கும் அப்போதுதான் எதிரில் ஒரு ஆள் கிடைப்பான்.

இதை எழுதினால் நம்ம பக்கத்தை விட்டுக்கொடுத்ததாக யாராவது சொல்வார்களோ என்று பயப்பட வேண்டாம். கிழக்குக்குத் தண்ணீர் வேண்டும் என்ற உங்கள் கதையின் நியாயம் இதனால் ஒரு துளியும் குறையாது, இன்னும் கனமாகத்தான் ஆகும். சேச்சியை எழுதும்போது ஊர், தோட்டம், தோற்றம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், அடையாளம் தெரியக் கூடாது. அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் உரிமையும்

முதலில் திருட்டு பயம். ஒரு கற்பனைக்கு, அதாவது "நினைவை விலையாகக் கேட்கும் மலை" என்ற எண்ணத்துக்கு, பதிப்புரிமை கிடையாது. அதை நீங்கள் எழுதியிருக்கும் விதத்துக்கு உண்டு. 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய அந்த நேரத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 வருடமும் அது நிற்கும். தேதியோடு கூடிய மின்னஞ்சல்களையும் பழைய வரைவுகளையும் பத்திரமாக வைத்திருங்கள், போதும். இந்தப் பயத்தால் யாருக்கும் காட்டாமல் பெட்டியில் வைத்திருப்பதுதான் பெரிய நஷ்டம்.

அந்த 1,40,000 ரூபாயைப் பற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கட்ட வேண்டாம். காசு வாங்கிப் புத்தகம் போடுவதில் சட்டத் தவறு எதுவும் இல்லை, சிலர் அதை நேர்மையாகவும் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு லாபம் உங்களிடமிருந்தே வந்துவிட்டதால் புத்தகத்தை விற்றாக வேண்டிய அவசரம் இல்லை, பிரதியைச் செம்மை செய்ய வேண்டிய அவசரமும் இல்லை. அட்டைப்பெட்டிகள் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். நகையும் வட்டிக்குப் போயிருக்கும். அதுவும், இன்னும் ஒரு தடவை திருத்தி எழுத வேண்டிய நாவலுக்கு.

அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் நாலாவது பிரிவு இன்னும் கவலைப்பட வைக்கிறது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் உள்பட எல்லா உரிமையும் "பதிப்புரிமைக் காலம் முழுதும், உலகம் முழுதும்" அவர்களுக்கு என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் சட்டத்தின் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். ஆனால் இங்கே இரண்டையும் தெளிவாக எழுதிவிட்டதால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. செலவும் உங்களுடையது, உரிமை முழுக்க அவர்களுடையது என்றால் அது என்ன பேரம்? எந்தப் பதிப்பகமாக இருந்தாலும் அச்சு உரிமையை மட்டும், குறிப்பிட்ட சில வருடங்களுக்கு, ராயல்டி எத்தனை சதவீதம், கணக்கு எப்போது தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். நான் எடிட்டர், வக்கீல் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் தேனியிலோ மதுரையிலோ பதிப்புரிமை தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

வேறு வழிகள் இருக்கின்றன. திருத்தி முடித்ததும் பிரதிலிபி போன்ற தளத்தில் தொடராகப் போட்டால், எந்த அத்தியாயத்தில் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஆனால் முழுக்கதையும் இலவசமாக வெளிவந்துவிட்டால் அப்புறம் அச்சிடத் தயங்கும் பதிப்பகங்களும் உண்டு, அதனால் முதல் பத்து அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை நீங்களே ஏற்றலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நீங்களே அச்சிட்டாலும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது, அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். "ஒட்ட முடியவில்லை" என்று திருப்பி அனுப்பிய முதல் பதிப்பகத்தை மறந்துவிட வேண்டாம். அவர்கள் படித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், காசும் கேட்கவில்லை. திருத்திய பிரதியின் முதல் நூறு பக்கத்தை, என்ன மாற்றினீர்கள் என்று நாலு வரியோடு, அவர்களுக்கே திரும்ப அனுப்பலாம். அதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பணம் கேட்டவர்களுக்கு, "இப்போதைக்கு வெளியிடும் எண்ணம் இல்லை, என் பிரதியை வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம்" என்று மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு தாளில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு, நாச்சி எந்தெந்த நினைவைக் கொடுக்கிறாள், அது போனது முதலில் யாருக்குத் தெரிகிறது என்று எழுதுங்கள். பதினொன்றும் வராது. ஏழு வந்தால் மீதி நாலு தடவை மடை திறப்பதை நாவலிலிருந்து எடுத்துவிடலாம். எழுதி முடித்ததும் அந்தத் தாளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.